நகம் போதும்: கார் கண்ணாடி, கறுப்பு ஃபிலிம், ஒரு மீட்டரின் கதை

போன பொங்கல் லீவுக்குக் கடலூர் போயிருந்தப்ப மாமா கேட்ட ஒரு கேள்விதான் இந்தப் பதிவுக்கு ஆரம்பம். மாமா திருப்பாதிரிப்புலியூர்ல சின்னதா ஒரு டிராவல்ஸ் வச்சிருக்கார். ரெண்டே வண்டி. சிதம்பரம், பிச்சாவரம், திருநள்ளாறுன்னு கோயில், டூர் சவாரிதான் பெரும்பாலும். காபியைக் கையில குடுத்துட்டு ஆரம்பிச்சார்.

"மாப்ள, கேரளாவுல கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டலாம்னு தீர்ப்பு வந்துருச்சாமே? நம்ம வண்டிக்கும் ஒட்டிடலாமா?"

சாஃப்ட்வேர்ல இருக்கறவனுக்கு எல்லாம் தெரியும்ங்கறது எங்க குடும்பத்தோட அசைக்க முடியாத நம்பிக்கை. பிரிண்டர் ரிப்பேர்ல இருந்து சட்டம் வரைக்கும் என்கிட்டதான் வரும். "பார்த்துச் சொல்றேன் மாமா"ன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினது சட்டத்துல ஆரம்பிச்சு, 1729-ல பிரான்ஸ்ல மெழுகுவர்த்தியோட உட்கார்ந்திருந்த ஒருத்தர்கிட்ட கொண்டுபோய் விட்டுடுச்சு. பொறுமையா படிங்க மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு :-)

மாமா ஏன் இவ்வளவு ஆவலா கேட்டார்னு புரியணும்னா 2012 மே மாசத்துக்குப் போகணும். எனக்கு அப்பதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிஞ்சு லீவு. ஏப்ரல் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லுது. நாடு முழுக்க எந்த வண்டியோட கண்ணாடியிலயும் கறுப்பு ஃபிலிம் இருக்கக் கூடாது. மே 4-ல இருந்து அமல். மே 4-ன்னா நம்ம ஊர்ல என்ன நாள்? அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கற நேரம்! டெல்லியில தேதி குறிச்சவங்களுக்குக் கத்திரி பத்தி என்ன தெரியும்.

கடலூர்க்காரங்களுக்கு அந்த வருஷம் இன்னொரு கொடுமையும் இருந்துச்சு. 2011 டிசம்பர் 30 விடியக்காலையில தானே புயல் கடலூர் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோட சாய்ஞ்ச கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஊருக்குள்ள தெருவோர மரங்களும் அதே மாதிரிதான் போச்சு. வண்டியை நிழல்ல நிறுத்தலாம்னா நிழல் குடுக்க மரமே இல்ல. அந்த மே மாசத்துல ஃபிலிமையும் பிரிக்கணும்.

பிரிச்சது நானும் மாமாவும்தான். சோப்புத் தண்ணி அடிச்சு, பிளேடை வச்சு ஓரத்துல நெம்பி, மெதுவா இழுக்கணும். பக்கக் கண்ணாடியெல்லாம் ஒழுங்கா வந்துடுச்சு. பின்கண்ணாடியில ஃபிலிம் கிழிஞ்சு கிழிஞ்சு வந்துச்சு, பசை அப்படியே ஒட்டிக்கிச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சோம். தேய்ச்ச வேகத்துல, பனி படிஞ்சா சூடேத்துறதுக்காகக் கண்ணாடியில ஓடுற அந்த மெல்லிசுக் கோடுகள்ல ரெண்டு அறுந்து போச்சு. வண்டியை வித்த வரைக்கும் மாமா அதைச் சொல்லிக் காட்டிட்டே இருந்தார்.

சரி, தீர்ப்பு ஏன் வந்துச்சு? இங்கதான் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2012-ல புதுசா ஒரு சட்டமும் வரல. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 100-ஆவது விதி அப்பவே தெளிவா சொல்லியிருந்துச்சு: முன்கண்ணாடி, பின்கண்ணாடி வழியா குறைஞ்சது 70 சதவீத வெளிச்சம் போகணும், பக்கக் கண்ணாடிகள் வழியா 50 சதவீதம். கண்ணாடி அப்படி இருந்தா மட்டும் போதாது, அப்படியே 'பராமரிக்கவும்' படணும்ங்கறது விதியோட வாசகம். இதைத்தான் வி.எல்.டி.ன்னு சொல்றாங்க, கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்துல எவ்வளவு பங்கு கண்ணாடியைத் தாண்டிப் போகுதுங்கற கணக்கு.

ஆக 23 வருஷமா 70, 50-ன்னு ரெண்டு எண் சட்டப் புத்தகத்துல இருந்துச்சு. அந்த எண்ணை ரோட்டுல நிறுத்தி அளக்கறதைப் பார்த்தவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. எங்க தெருவுல ஒருத்தரும் இல்ல. எடைக்கல்லுக்கு முத்திரை போட ஆள் உண்டு, பெட்ரோல் பங்க்ல அளவு சரியான்னு பார்க்க ஆள் உண்டு. கார் கண்ணாடியை மட்டும் கண்ணாலதான் பார்த்தாங்க. கறுப்பா இருந்தா கறுப்பு. உள்ள யார் உட்கார்ந்திருக்காங்கங்கறதைப் பொறுத்து சில சமயம் அதுவும் வெள்ளை.

கண் இதுக்கு லாயக்கில்லைன்னு சொல்றதுக்கு மாமாவே சாட்சி. ஃபிலிமையெல்லாம் பிரிச்சதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு சோதனையில வண்டியை நிறுத்தியிருக்காங்க. எந்த இடம்னு சொல்ல வேண்டாம். மத்தியானம் பன்னெண்டு மணி, நல்ல வெயில். "ஃபிலிம் ஒட்டியிருக்க"ன்னு அபராதம். மாமா கண்ணாடியை இறக்கிக் காட்டி, "கம்பெனிக் கண்ணாடி சார், பச்சை கலந்தே வருது"ன்னு எவ்வளவோ சொல்லியும் கேட்கல. நூறு ரூபாய்தான். ஆனா வண்டியில இருந்த சவாரிக்கார குடும்பத்து முன்னாடி திருட்டுப்பட்டம் கட்டின மாதிரி ஆயிடுச்சுன்னு மனுஷன் ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

அந்த அதிகாரி வேணும்னே செஞ்சார்னு இப்ப நான் நினைக்கல. மத்தியான வெயில்ல வெளிய நின்னு பார்த்தா வெறும் கண்ணாடியும் கறுப்பாத்தான் தெரியும். வெளிய லட்சம் லக்ஸ் வெளிச்சம்னா வண்டிக்குள்ள அதுல ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். சாதாரணக் கண்ணாடியோட ரெண்டு பரப்பும் சேர்ந்து எட்டு சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். உள்ள இருந்து வர்ற மங்கலான வெளிச்சத்தை, வெளிய இருந்து திரும்புற இந்தப் பளபளப்பு மூழ்கடிச்சிடும். அதே கண்ணாடியை ராத்திரி உள்விளக்கைப் போட்டுட்டு வெளிய நின்னு பாருங்க, சினிமா மாதிரி எல்லாம் தெரியும். கண்ணாடி மாறல, நாம நிக்கற இடத்து வெளிச்சம்தான் மாறியிருக்கு.

மெழுகுவர்த்திக்காரர் இங்கதான் வர்றார். பியர் பூகேர்னு ஒரு பிரெஞ்சுக்காரர். 1729-ல வெளிச்சம் எப்படிப் படிப்படியா குறையுதுன்னு ஒரு புத்தகம் போட்டார். அவர் கண்டுபிடிச்ச முதல் விஷயம்: கண்ணுக்கு வெளிச்சத்தோட அளவைச் சொல்லத் தெரியாது. ஆனா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வெளிச்சத்தை வச்சா 'சமமா, இல்லையா'ன்னு நல்லாவே சொல்லும். அதனால மெழுகுவர்த்தியைத் தள்ளித் தள்ளி வச்சு, எந்தத் தூரத்துல ரெண்டும் சமமாகுதுன்னு பார்த்து, தூரத்தை வச்சு வெளிச்சத்தைக் கணக்கு போட்டார். இப்படியே நிலா வெளிச்சத்தையும் சூரிய வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, சூரியன் நிலாவை விடச் சுமார் மூணு லட்சம் மடங்கு பிரகாசம்னு சொன்னார். இன்னிக்குக் கணக்குல அது நாலு லட்சத்துக்குப் பக்கம். மெழுகுவர்த்தியை வச்சுகிட்டு இவ்வளவு கிட்ட வந்திருக்கார்!

அவரோட ரெண்டாவது விஷயம்தான் மாமா கேள்விக்கு நேரடிப் பதில். கண்ணாடி மேல கண்ணாடி வச்சா வெளிச்சம் கழியாது, பெருக்கப்படும். பாதி வெளிச்சம் விடற ரெண்டு கண்ணாடியை அடுக்கினா இருட்டாயிடாது, பாதியில பாதி, கால் பங்கு வரும். 1760-ல லாம்பெர்ட் இதைக் கணித வடிவத்துல எழுதினார், 1852-ல பீர் திரவங்களுக்கு நீட்டினார். காலேஜ்ல பீர்-லாம்பெர்ட் விதின்னு படிச்சப்போ பெஞ்சே சிரிச்சுது, என்ன காரணம்னு சொல்லத் தேவையில்ல. பாவம், முதல்ல கண்டுபிடிச்ச பூகேர் பேரு பாதி புத்தகத்துல இல்லவே இல்ல.

நான் படிச்சது சிதம்பரத்துல, அண்ணாமலைநகர்ல, இன்ஸ்ட்ருமென்டேஷன். முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்ல கலரிமீட்டர்னு ஒரு பெட்டி இருக்கும். ஒரு பக்கம் விளக்கு, நடுவுல கலர் தண்ணி ஊத்தின குழாய், அந்தப் பக்கம் ஒரு ஒளி உணரி. முதல்ல வெறும் தண்ணி வச்சு 100-க்கு முள்ளைக் கொண்டுவரணும், அப்புறம் சாம்பிளை வைக்கணும். கார் கண்ணாடி மீட்டரும் அச்சு அசலா அதேதான், குழாய் இருக்கற இடத்துல கார் கண்ணாடி. ஆஸ்பத்திரியில ரத்தத்துல ஹீமோகுளோபின் பார்க்கறதும் இதே வழிதான். அதுக்கு முன்னாடி சாலி முறைன்னு ஒண்ணு இருந்துச்சு. ரத்தத்தை ஆசிட்ல கலந்து, பக்கத்துல வச்சிருக்கற பழுப்புக் கண்ணாடியோட நிறம் ஒத்துப்போற வரைக்கும் தண்ணி விட்டுகிட்டே வருவாங்க. பூகேர் மாதிரியே கண்ணால ஒப்பிடறது.

கண்ணோட இடத்துக்கு உணரி வந்த கதை தற்செயல்தான். கடலுக்கடியில தந்திக் கம்பி போடற வேலையில இருந்த வில்லோபி ஸ்மித், கம்பியைச் சோதிக்க நல்ல மின்தடைப் பொருள் வேணும்னு செலினியத்தை எடுத்தார். ராத்திரி ஒரு அளவு, பகல்ல ஒரு அளவு காட்டித் தொந்தரவு குடுத்துச்சு. வெளிச்சம் பட்டா அதோட மின்தடை குறையுதுன்னு 1873-ல அறிவிச்சார். பத்து வருஷத்துல சார்லஸ் ஃப்ரிட்ஸ் செலினியத்துல மின்சாரமே வர வச்சார். 1932-ல வெஸ்டன் கம்பெனி செலினியம் வச்சு, போட்டோ எடுக்கறவங்களுக்குக் கையடக்க வெளிச்ச மீட்டர் விட்டுச்சு. பேட்டரியே வேண்டாம். கார் கண்ணாடி மீட்டருக்கு அது பாட்டன் முறை.

இடையில இன்னொரு சிக்கலும் தீர்ந்துச்சு. உணரிக்கும் நம்ம கண்ணுக்கும் எல்லா நிறமும் ஒரே மாதிரி தெரியாது. நம்ம கண்ணுக்குப் பகல்ல பச்சையில, 555 நானோமீட்டர் பக்கம்தான் கூர்மை அதிகம். 1924-ல சர்வதேச ஒளியியல் ஆணையம் சராசரி மனுசக் கண்ணுக்கு ஒரு வரைகோடு வகுத்துக் குடுத்துச்சு. 'கண்ணுக்குத் தெரியற வெளிச்சம்'னு நம்ம விதி சொல்றதோட பின்னணி இந்தக் கோடுதான். நம்ம நாட்டுல இந்த மாதிரி அளவுகளுக்கு மூலத்தரம் வச்சிருக்கறது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். அதோட முதல் இயக்குநர் நம்ம வத்திராயிருப்புக்காரர், கே.எஸ். கிருஷ்ணன். ராமனோட சேர்ந்து ஒளிச்சிதறல் ஆராய்ச்சி பண்ணினவர்.

இப்ப திரும்ப 2012. அவிஷேக் கோயங்கா தொடர்ந்த பொதுநல வழக்கு. கறுப்புக் கண்ணாடி வண்டிகள்ல நடக்கற குற்றங்கள், விபத்துகள்னு மனு. தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையில மூணு நீதிபதிகள் அமர்வு. தீர்ப்பை எழுதினது ஸ்வதந்தர் குமார். அவங்க முடிவு: 70, 50-ங்கறது கண்ணாடி தயாராகி வர்ற போதே இருக்க வேண்டிய அளவு. அதுக்கு மேல எதையும் ஒட்டலாம்னு விதியில இல்ல. அதனால எந்த சதவீத ஃபிலிமும் கூடாது. அபராதம் மட்டுமில்ல, அந்த இடத்துலயே பிரிச்சும் போடலாம். இசட், இசட் பிளஸ் பாதுகாப்புல இருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு குழு பார்த்து முடிவு பண்ணலாம். ஃபிலிம் தொழில்ல இருக்கறவங்க விளக்கம் கேட்டுப் போனாங்க, 2012 ஆகஸ்ட்ல நீதிமன்றம் மாத்த மறுத்துடுச்சு.

இந்தத் தீர்ப்பு மேல மாமாவுக்குக் கோபம். எனக்குக் கோபம் இல்ல. அதே வருஷம் டிசம்பர்ல டெல்லியில அந்தப் பொண்ணுக்கு நடந்த கொடுமை, கறுப்புக் கண்ணாடியும் திரையும் போட்டு ஓடிகிட்டிருந்த பஸ்ஸுக்குள்ள நடந்தது. தீர்ப்பு வந்து ஏழு மாசம் ஆயிருந்துச்சு. உள்ள நடக்கறது வெளிய தெரியணும்ங்கற நியாயத்தை யாரும் மறுக்க முடியாது.

ஆனா அந்தத் தீர்ப்பு மீட்டரைத் தேவையில்லாததாக்கிடுச்சு. இது என் கருத்துதான். எண் இருக்கற வரைக்கும் அளக்கணும், 'ஃபிலிமே கூடாது'ன்னா அளக்க வேண்டாம். கண்ணாடி ஓரத்துல நகத்தை வச்சுச் சுரண்டினா ஃபிலிம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். நகம் போதும்! பிரிட்டன்ல முன்பக்க ஜன்னலுக்கு 70, முன்கண்ணாடிக்கு 75-ன்னு வச்சு, ரோட்டுல மீட்டரால அளந்து பார்க்கறாங்க. நாம அளக்கற வேலையை எடுத்துட்டுத் தடையைக் கொண்டு வந்தோம். மாமா விஷயத்துல அந்த நகத்தைக் கூட வைக்கல, கண்ணோட நிறுத்திகிட்டாங்க. அந்த வண்டியில ஃபிலிம் இல்ல, எண்ணும் சரியா இருந்திருக்கும். நிரூபிக்கத்தான் யார் கையிலயும் ஒண்ணும் இல்ல.

அப்புறம் கதை சத்தமில்லாம திரும்புச்சு. விதிகள் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1-ல இருந்து 100-ஆவது விதியில 'பாதுகாப்புக் கண்ணாடி'ன்னு இருந்த இடத்துல பாதுகாப்பு கிளேஸிங்கும் சேர்ந்துச்சு. உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியும் அதுல அடக்கம். 70, 50 அப்படியே இருக்கு. இதை வச்சுத்தான் 2024 செப்டம்பர்ல கேரள உயர் நீதிமன்றம், அந்த அளவுக்குள்ள இருக்கற ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாதுன்னு சொன்னது. அது நம்ம மாநிலத்தைக் கட்டுப்படுத்தற தீர்ப்பு இல்லங்கறதை மாமாகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். ஆனா அந்த வழியில போனா, நகம் போதாது. மீட்டர் வேணும்.

ஆர்வக்கோளாறுல ஒரு மலிவு மீட்டரை ஆன்லைன்ல வாங்கியே விட்டேன். நடுவுல பிளவு இருக்கற மாடல். ஜன்னலைப் பாதி இறக்கி, கண்ணாடி ஓரத்தை அந்தப் பிளவுக்குள்ள விட்டா எண் வரும். இதால முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் அளக்க முடியாது, ஓரமே கிடையாதே. அதுக்கு ரெண்டு துண்டா வர்ற மாடல் வேணும். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, காந்தம் ரெண்டையும் நேருக்கு நேர் பிடிச்சுக்கும். சிதம்பரத்துல இருக்கற காலேஜ் நண்பன் ஒருத்தன்கிட்ட அது இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை அவன் வீட்டு வாசல்ல, மேலவீதியில ரெண்டு மீட்டரையும் வச்சு மாமா வண்டியை அளந்தோம்.

என் மீட்டர்ல முதல் அளவு 66. நண்பனோடதுல 71. மாமா மூஞ்சியில ஈயாடல. கண்ணாடியைத் துடைச்சோம். கடலூர்ல இருந்து வந்த வண்டி, உப்புக் காத்தும் ரோட்டுப் புழுதியும் ஒரு படலமா இருந்துச்சு. துடைச்ச பிறகு 71, 76. அப்பவும் அஞ்சு வித்தியாசம். அப்புறம்தான் என் மீட்டரைத் திருப்பிப் பார்த்தேன், உணரிக்கு முன்னாடி இருக்கற குட்டி ஜன்னல்ல என் கட்டைவிரல் ரேகை அழகா பதிஞ்சிருக்கு! மெல்லிசுத் துணியால துடைச்சு, கண்ணாடி இல்லாம 100 காட்டுதான்னு பார்த்துட்டுத் திரும்ப வச்சா 76.

நல்ல மீட்டரோட ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு வரும், அதோட மதிப்பு அதுமேலயே எழுதியிருக்கும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதை அளந்து, அந்த எண் வருதான்னு பார்க்கணும். வரலைன்னா அன்னிக்கு அந்த மீட்டரை நம்பக் கூடாது. அந்தத் துண்டையும் ஓரத்துல பிடிக்கணும், நடுவுல விரல் படக் கூடாது. வெயில்ல டாஷ்போர்டு மேல விட்டுடக் கூடாது, சூட்டுல உணரியும் விளக்கும் தடுமாறும். பேட்டரி இறங்க ஆரம்பிச்சாலும் எண் ஆடும். இவ்வளவும் செஞ்ச பிறகும் ரெண்டு சதவீதம் முன்னப் பின்ன இருக்கும்.

அந்த ரெண்டு சதவீதத்துலதான் மாமாவோட தலையெழுத்தே இருக்கு. பூகேர் கணக்கைப் போட்டுப் பாருங்க. கடையில 70-ன்னு எழுதின ஃபிலிம்ங்கறது ஃபிலிமோட மட்டும் கணக்கு. பக்கக் கண்ணாடி 76, ஃபிலிம் 70. பெருக்கினா 53.2. தப்பிச்சோம். ஃபிலிம் 65-ஆ இருந்தா 49.4. அம்பேல். ரேகை படிஞ்ச என் மீட்டரை வச்சு அளந்திருந்தா, 53-உம் அம்பதுக்குக் கீழதான் காட்டியிருக்கும். பின்கண்ணாடி இன்னும் மோசம். அது அளந்தப்ப 75, தேவை 70. ஃபிலிமே 94 சதவீதத்துக்கு மேல வெளிச்சம் விட்டாத்தான் தாங்கும். பேசாம வெறுங்கண்ணாடியா விட்டுடலாம்.

"அப்ப சூடு?"ன்னார் மாமா. நியாயமான கேள்வி. சூரியன்ல இருந்து வர்ற சக்தியில பாதிக்கு மேல கண்ணுக்கே தெரியாத பகுதிதான், பெரும்பங்கு அகச்சிவப்பு. அதை மட்டும் அதிகமா தடுத்து வெளிச்சத்தை விடற ஃபிலிமும் இருக்கு, விலைதான் கொஞ்சம் கடிக்கும். கறுப்பா இருந்தாத்தான் குளுமைன்னு இல்ல. இதை மாமா நம்பல. "வெள்ளையா இருக்கறதுக்கு எதுக்கு மாப்ள ஃபிலிமு"ன்னுட்டார்.

கடைசியா ஒண்ணு கேட்டார். "சரி, நீ துடைச்சிட்ட. நாளைக்கு ரோட்டுல நிறுத்தி அளக்கறவர் கையில இருக்கற மீட்டரை யாரு துடைச்சிருப்பா?" எனக்குப் பதில் தெரியல. ஒட்டறதா இருந்தா ஓரத்துக்குப் போகாம, அம்பதுக்கு மேல தாராளமா இடம் விட்டு ஒட்டுங்கன்னேன். இப்போதைக்கு வேண்டாம்னு அவரே முடிவு பண்ணிட்டார்.

மீட்டரை அவர்கிட்டயே விட்டுட்டு வந்தேன். போன வாரம் போன் பண்ணினார். தெருவுல இருக்கற எல்லா வண்டியையும் அளந்துட்டாராம், இப்ப ரெண்டு நாளா வெறும் காத்துக்கே 91 காட்டுதாம். "எங்க மாமா வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். டாஷ்போர்டு மேலதானாம்.